இறந்தவரின் சிறுநீரகம் எத்தனை வருடம் உழைக்கும்?

#1 · கொட்டாஞ்சேனைத் தம்பி · திங்கள் இரவு

வணக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 38. இரண்டரை வருடமாக டயாலிசிஸ், கிழமைக்கு மூன்று நாள். விடிய ஐந்தே முக்காலுக்கு ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனால் திரும்பி வரப் பதினொரு மணியாகும். வந்து சாய்ந்தால் அன்றைய நாள் அதோடு சரி. தண்ணீர்கூட ஃபிளாஸ்க் மூடியால் அளந்துதான் குடிக்கிறார். கிழங்கை வெட்டி ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சமைக்கிறோம்.

அம்மா தருகிறேன் என்று நின்றார். சீனி வருத்தம் இருப்பதால் டொக்டர் முதல் நாளே வேண்டாம் என்றுவிட்டார். அத்தானின் இரத்த வகை வேறு. எனக்கு எல்லாச் சோதனையும் செய்து, கடைசியில் குரொஸ்மெச் (அக்காவின் இரத்தம் என்னுடையதைத் தாக்குமா என்று பார்க்கும் சோதனை) பொருந்தவில்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாங்கிலில் இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

போன கிளினிக்கில், மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்குப் பெயர் பதியலாமே என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம். "செத்தவரின் கிட்னி ஐந்து வருடம்கூட நிற்காது, வீணாக வயிற்றைக் கிழிக்க வேண்டாம்" என்கிறார் பெரியம்மா. அக்கா வாயே திறப்பதில்லை. எடுத்தவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். உண்மையில் எவ்வளவு காலம் உழைக்கும்?

#2 · வத்தளை ராஜன் · திங்கள் இரவு

தம்பி, மனம் நோகச் சொல்லவில்லை. எங்கள் சித்தப்பாவுக்கு அப்படித்தான் கிடைத்தது. மூன்றாம் வருடத்தில் போய்விட்டது. திரும்ப டயாலிசிஸ். அதற்கடுத்த வருடம் அவரும் இல்லை. உங்கள் பெரியம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். உயிரோடு இருக்கிற யாராவது தர முன்வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.

#3 · இரவுநேரத் தாதி · செவ்வாய் காலை

இரவு வேலை முடிந்து வந்து எழுதுகிறேன். பதினாறு வருடமாகச் சிறுநீரக நோயாளிகளோடுதான் என் வேலை.

"ஐந்து வருடம்கூட நிற்காது" என்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது பழைய காலத்துப் பேச்சு. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1983 இல். அதற்கு முன்பு, இறந்தவரிடமிருந்து எடுத்துப் பொருத்திய சிறுநீரகங்களில் ஏறத்தாழப் பாதி முதல் வருடத்துக்குள்ளேயே போய்விடும். உடம்பு அதை அந்நியன் என்று தள்ளிவிடும், தடுக்க வழி இல்லை. பெரியம்மாவின் காலத்தில் கேள்விப்பட்டவர்கள் அப்படித்தான் பேசியிருப்பார்கள்.

இன்றைக்கு நிலைமை வேறு. டக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்டு, இந்த மூன்று மருந்தும் சேர்ந்து உடம்பு தள்ளிவிடாமல் காக்கின்றன. அமெரிக்கப் பதிவேட்டுக் கணக்குப்படி, இறந்தவரின் சிறுநீரகம் பெற்ற 100 பேரில் 93க்குக் குறையாதவர்களுக்கு ஒரு வருடம் முடியும்போது அது வேலை செய்துகொண்டிருக்கும். உயிரோடு இருப்பவர் கொடுத்தால் 97, 98. நீண்ட காலத்தில்தான் வித்தியாசம் தெரியும். 1990களின் கடைசியில் மாற்றியவர்களுக்கு இறந்தவரின் சிறுநீரகத்தின் பாதி ஆயுள் 8.2 வருடம். பத்து வருடங்களுக்கு முன் மாற்றியவர்களுக்கு அது 11.7 ஆகிவிட்டது. உயிருள்ள கொடையாளியிடமிருந்து என்றால் 19.2.

பாதி ஆயுள் என்ற சொல்லைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். பன்னிரண்டாம் வருடம் பிறந்ததும் நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. பாதிப் பேருக்கு அதைத் தாண்டியும் ஓடும் என்று அர்த்தம். இருபது வருடம் கடந்தவர்களும் இருக்கிறார்கள். இது அமெரிக்கக் கணக்கு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வெக்கையும் கிருமியும் வேறு. ஆனால் ஐந்து வருடம்கூட இல்லை என்ற பேச்சுக்கு இன்று இடமில்லை.

ராஜன் அண்ணா, சித்தப்பாவின் விஷயத்துக்கு உண்மையிலேயே வருந்துகிறேன். மூன்றாம் வருடத்தில் என்ன நடந்தது என்று டொக்டர் சொன்னாரா?

#4 · பதினோராம் வருடம் · செவ்வாய் மாலை

என் பெயரிலேயே பதில் இருக்கிறது தம்பி. இறந்தவரின் சிறுநீரகத்தோடு எனக்கு இது பதினோராம் வருடம். ஆனால் எல்லாம் சுகமாக நடந்தது என்று எழுதினால் உங்கள் அக்காவுக்கு நான் செய்யும் துரோகம். முதல் பத்து நாளைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அதைத்தான் யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

முதல்முறை கூப்பிட்டபோது நான் மாற்று ஆள். எனக்கு முன்னால் இருந்தவருக்கு எல்லாம் சரியாக வந்தது, என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று வெள்ளவத்தைக்கு வந்து சேரும்வரை வான் வண்டியில் யாரும் யாரோடும் கதைக்கவில்லை. ஏழு மாதம் கழித்து இன்னொரு இரவு, பதினொன்று நாற்பதுக்கு ஃபோன். "கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?" என்றுதான் முதல் கேள்வி. எட்டு மணிக்குப் புட்டு என்றேன்.

கண் விழித்தபோது வயிற்றின் வலப்பக்கம் கீழே நோவு. பழைய இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுப் புதியதை அங்கேதான் வைப்பார்கள். பக்கத்தில் சலம் சேரும் பை தொங்குகிறது. அதில் கொஞ்சமாகச் சிவந்த நீர். அடுத்த நாளும் அவ்வளவுதான். மூன்றாம் நாள் என்னைத் திரும்ப டயாலிசிஸுக்குக் கொண்டுபோனார்கள். மனைவி வாசலில் நின்று அழுதாள். போய்விட்டது என்றே நினைத்தோம்.

"கிட்னி இன்னும் எழும்பவில்லை, அவ்வளவுதான்" என்றார் டொக்டர். இறந்தவரிடமிருந்து எடுத்து ஐஸில் வைத்துக் கொண்டுவரும்போது இரத்த ஓட்டம் இல்லாமல் அதன் உள்ளே நுண்குழாய்கள் அடிபடுமாம். அவை தாமாகவே ஆறும், ஆனால் நாள் எடுக்கும். ஆறாம் நாள் பயொப்சி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்கள். உடம்பு தள்ளுவது இல்லை, அடிபாடுதான் என்று வந்தது. ஒன்பதாம் நாள் இரவு, தாதி அந்தப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடமும் காட்டினார். மஞ்சளாக, 300 மில்லிக்கோட்டைத் தாண்டி நின்றது. அடுத்த நாள் ஒரு லீற்றருக்கு மேல். அதற்கடுத்த நாள் நான்கு லீற்றர். போகிற அளவுக்கு சேலைன் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் கழிக்க வேண்டிய கழிவு, குறைந்தால் நல்லது) 9 இலிருந்து மூன்று கிழமையில் 1.6 ஆனது. போன மாதம் 1.7.

நடுவில் இடைஞ்சல்களும் வந்தன. ஐந்தாம் மாதம் சி.எம்.வி. வைரஸ் காய்ச்சல், இரண்டு கிழமை வாட்டில். இரண்டாம் வருடம் சீனி வருத்தம் வந்தது. டக்ரோலிமஸும் ஸ்டீரொய்டும் சேர்ந்தால் பலருக்கு அப்படி வருமாம். கையில் டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த பழைய ஃபிஸ்டுலா இன்றைக்கும் சிர்ர்ரென்று ஓடுகிறது. சில இரவுகளில் காதுக்கடியில் கை வைத்துப் படுத்தால் அந்தச் சத்தம் கேட்கும்.

#5 · கொட்டாஞ்சேனைத் தம்பி · செவ்வாய் இரவு

அண்ணா, இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பையை வெளிச்சத்தில் பிடித்த இடத்தில் நிறுத்தி, திரும்ப வாசி என்றார். இரண்டரை வருடத்தில் அவருக்குச் சலம் போவதே நின்றுவிட்டது. அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தாதி அக்கா, இரண்டு கேள்வி. இப்படித் தாமதமாக எழும்புவது எல்லோருக்கும் நடக்குமா? வயதானவரின் சிறுநீரகம் வந்தால் என்ன செய்வது?

#6 · இரவுநேரத் தாதி · புதன் காலை

எல்லோருக்கும் இல்லை. இறந்தவரிடமிருந்து பெறுகிறவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கிழமையில் ஒரு டயாலிசிஸாவது தேவைப்பட்டால் அதைத் தாமத இயக்கம் என்கிறோம். ஐஸில் இருந்த நேரம் கூடக்கூட அதுவும் கூடும். அதனால்தான் நள்ளிரவிலும் ஓடி ஓடிச் செய்கிறார்கள்.

வயது முக்கியம்தான். விபத்தில் தலையில் அடிபட்ட இருபது வயதுப் பிள்ளையின் சிறுநீரகமும், பிரஷர் ஏறி மூளையில் இரத்தம் கசிந்த அறுபத்தைந்து வயதுக்காரரின் சிறுநீரகமும் ஒன்றாக உழைக்காது. இரண்டாவது வகை வந்தால் அதைச் சொல்லித்தான் சம்மதம் கேட்க வேண்டும். அக்காவுக்கு 38 என்பதால் டொக்டர் யோசித்துத்தான் எடுப்பார். எழுபது வயது நோயாளிக்கு அதே சிறுநீரகம் நல்ல வரமாக இருக்கும்.

ஆனால் தம்பி, உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தில் ஒரு பிழை இருக்கிறது. உயிருள்ளவரின் சிறுநீரகமா, இறந்தவரின் சிறுநீரகமா என்று ஒப்பிட்டுப் பேசுகிறீர்கள். உயிருள்ளவர் யாரும் உங்களுக்கு இல்லையே. அம்மா இல்லை, அத்தான் இல்லை, நீங்களும் இல்லை. அக்காவின் முன்னால் இருக்கும் மற்றப் பாதை டயாலிசிஸ் கதிரை மட்டும்தான். ஒப்பிடுவதானால் அதனோடு ஒப்பிடுங்கள்.

அப்படி ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். 1999 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இன்றுவரை எங்கள் பாடங்களில் வருகிறது. டயாலிசிஸில் இருந்தபடி காத்திருப்புப் பட்டியலில் பெயர் பதிந்த 46,164 பேரை எடுத்தார்கள். அவர்களில் 23,275 பேருக்கு இறந்தவரின் சிறுநீரகம் கிடைத்தது. கிடைத்தவர்களையும் பட்டியலிலேயே காத்திருந்தவர்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். எல்லோருமே சத்திரசிகிச்சைக்குத் தகுதியானவர்கள் என்பதால் நேர்மையான ஒப்பீடு. முதல் இரண்டு கிழமையில் மாற்றியவர்களுக்கு மரண ஆபத்து 2.8 மடங்கு அதிகம். அதை மறைக்கக் கூடாது, பெரிய ஒப்பரேஷன், எதிர்ப்புச் சக்தியையும் அடக்கி வைத்திருக்கிறோம். பிறகு அது இறங்கிக்கொண்டே வந்து, ஏறத்தாழ எட்டு மாதத்தில் இரண்டு பக்கமும் உயிர்பிழைத்தவர்கள் சமம். ஒன்றரை வருடத்தில் மாற்றியவர்களின் ஆபத்து மற்றவர்களுடையதில் மூன்றில் ஒன்று. காத்திருந்தவர்களுக்கு இன்னும் 10 வருட ஆயுள் என்றால் மாற்றியவர்களுக்கு 20 என்று கணித்தார்கள்.

அந்த முதல் இரண்டு கிழமையைப் பார்த்துப் பயந்து, பின்னால் இருக்கும் வருடங்களை விட்டுவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்தக் கதிரைகளில் வருடத்துக்கு எத்தனை முகம் மாறுகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

#7 · வத்தளை ராஜன் · புதன் இரவு

நீங்கள் கேட்ட கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை. சித்தியோடு கதைத்துவிட்டுத்தான் வருகிறேன்.

2022. எல்லாவற்றுக்கும் வரிசை நின்ற வருடம். சித்தப்பா மருந்து எடுக்கும் இடத்தில் ஒரு மாதம் இல்லை என்றார்கள், அடுத்த மாதம் பாதிதான் தந்தார்கள். வெளியில் வாங்கக் கையில் காசு இல்லை. கிளினிக்குக்குப் போக வாகனமும் இல்லை, பெற்றோலும் இல்லை. இருந்த குளிசைகளை நீட்டிப் பாவிப்பதற்காக, காலையில் மட்டும் போட்டு இரவு வேளையை விட்டுவிட்டாராம். சித்திக்கே அது பிறகுதான் தெரியும். கால் வீங்கிய பிறகு தூக்கிக்கொண்டு போனோம். கிரியேட்டினின் 6.

இவ்வளவு காலமும் செத்தவரின் கிட்னி என்றபடியால்தான் போனது என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எனக்குள் அது சரியாகவே இல்லை இப்போது.

#8 · இரவுநேரத் தாதி · புதன் இரவு

ராஜன் அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. குளிசையின் அளவு இரத்தத்தில் இறங்கினால் உடம்பு அந்தச் சிறுநீரகத்துக்கு எதிராகப் பிறபொருளெதிரி (அந்நியமானதைத் தாக்க உடம்பு செய்யும் புரதம்) உண்டாக்கத் தொடங்கும். ஒருமுறை உண்டானால் அதை முழுவதுமாக அழிப்பது கஷ்டம். சொந்தத் தாய் கொடுத்த சிறுநீரகமாக இருந்தாலும் அந்த வருடம் அதே கதிதான் ஆகியிருக்கும். இரவு வேளையை விட்டது சித்தப்பாவின் பிழையும் இல்லை.

தம்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிசை தீர இரண்டு கிழமை இருக்கும்போதே அடுத்ததைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அன்றைக்கே டொக்டரிடம் போய் நிற்க வேண்டும், அவர் வேறு மருந்துக்கு மாற்றுவார். வீட்டிலிருந்தபடி அளவைக் குறைக்கவே கூடாது. கம்பனி மாறினாலும் சொல்ல வேண்டும், அளவு பார்க்க வேண்டியிருக்கும்.

#9 · தெமட்டகொடை நாநா · வியாழன் காலை

ஒரு விஷயம் கேட்கலாமா? எங்கள் பக்கத்தில் இதைப் பேசினால் முதலில் வருவது, ஜனாஸா (நல்லடக்கம்) தாமதமாகுமே, மையித்தை (இறந்தவரின் உடம்பை) வெட்டலாமா என்பதுதான். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. பிறகு தேடிப் படித்தேன். இஸ்லாமியச் சட்டத்தை ஆராயும் சர்வதேச ஃபிக்ஹ் அகடமி 1986 இல் அம்மானில் கூடி மூளைச்சாவை மரணமாக ஏற்றிருக்கிறது. 1988 இல் ஜித்தாவில், மரணித்தவரின் அனுமதியோ வாரிசுகளின் அனுமதியோ இருந்தால் உறுப்பை எடுத்து இன்னொரு உயிரைக் காக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறது. மாற்றுக் கருத்துள்ள உலமாக்களும் இருக்கிறார்கள். அவரவர் மௌலவியிடம் கேளுங்கள். ஆனால் கேட்காமலே கூடாது என்று முடிவெடுக்காதீர்கள்.

உடம்பை எப்படித் திருப்பித் தருவார்கள்? யாராவது பார்த்திருக்கிறீர்களா?

#10 · மூத்தவள் · வியாழன் இரவு

நான் பார்த்திருக்கிறேன் நாநா. என் தம்பியைத் தந்தார்கள்.

அவனுக்கு 24. மோட்டார் சைக்கிள். ஐ.சி.யு.வில் மூன்றாம் நாள் டொக்டர் என்னையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். மெஷின் மூச்சு விடுகிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது. கை சுடச்சுட இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு செத்துவிட்டான் என்று எப்படி நம்புவது? சோதனை செய்யும்போது என்னை நிற்கவிட்டார்கள். கண்ணில் வெளிச்சம் அடித்தார்கள். காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டார்கள். கடைசியில் மெஷினைக் கழற்றி, ஒட்சிசன் மட்டும் குழாயில் விட்டு, தானாக மூச்செடுக்கிறானா என்று பார்த்தார்கள். நானும் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை. நேரம் விட்டு இன்னொருமுறை எல்லாவற்றையும் செய்தார்கள். அதைச் செய்தவர்கள் சிறுநீரகம் மாற்றுகிற ஆட்கள் இல்லை, அவர்கள் இந்தப் பக்கமே வரவில்லை. இரண்டாவது முறைக்குப் பிறகுதான் ஒருவர் வந்து, மெதுவாக, கொடுக்க விருப்பமா என்று கேட்டார். இல்லை என்றாலும் ஒன்றும் நினைக்க மாட்டோம் என்றார்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "அவனுக்கு நோகுமா?"

நோகாது அம்மா, அவர் இனி இல்லை என்றார் டொக்டர். அம்மா விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார். கண்ணும் கேட்டார்கள். சிங்களச் சனம் 1961 இலிருந்து கண்தானச் சங்கம் வைத்து எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்புகிறது, எனக்குத் தெரியும், நான் எடுத்துச் சொன்னேன். கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார் அம்மா. அவருடைய முடிவு அது. யாரும் வற்புறுத்தவில்லை.

உடம்பு அடுத்த நாள் மதியம் வந்தது. சாதாரண ஒப்பரேஷன் போலத் தைத்திருந்தார்கள். குளிப்பாட்டியபோது மாமாதான் பார்த்தார். சேர்ட் போட்ட பிறகு ஒன்றும் தெரியாது. ஒருவரும் ஒரு சதம் தரவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. 1987 ஆம் ஆண்டு 48 ஆம் இலக்கச் சட்டத்தின்படி விற்கவும் முடியாது. யாருக்குப் போனது என்று தெரியாது. ஒரு பெண்ணுக்கும் ஓர் ஆணுக்கும் என்று மட்டும் சொன்னார்கள்.

தம்பி, கோபமாகச் சொல்லவில்லை. இந்த இழையில் "செத்தவரின் கிட்னி" என்று வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவனுடைய கைச்சூடு வருகிறது. கொடையாளி என்று எழுதினால் போதும்.

#11 · கொட்டாஞ்சேனைத் தம்பி · வியாழன் இரவு

அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் வாய்ப்பேச்சை யோசிக்காமல் அப்படியே எழுதிவிட்டேன். தலைப்பைத் திருத்த முடியவில்லை, இனி அப்படி எழுத மாட்டேன். உங்கள் பதிவைப் பெரியம்மாவுக்கும் வாசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய் சாமி விளக்கைக் கொளுத்தினார்.

#12 · இரவுநேரத் தாதி · வெள்ளி மாலை

பெயர் பதிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இது பஸ் வரிசை இல்லை, முன்னால் நின்றவர் முதலில் ஏற முடியாது. இரத்த வகை, திசுப் பொருத்தம், அக்காவின் இரத்தத்தில் இருக்கும் பிறபொருளெதிரி, காத்திருந்த காலம் எல்லாம் பார்ப்பார்கள். அக்காவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? பிள்ளை பெற்றவர்களுக்கும் இரத்தம் ஏற்றியவர்களுக்கும் அந்தப் பிறபொருளெதிரி கூடுதலாக இருக்கும். அதனால் முடிந்தவரை இரத்தம் ஏற்றாமல், இரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொயிட்டின் ஊசியோடும் இரும்புச் சத்தோடும் ஹீமோகுளோபினைப் பிடிக்கச் சொல்லி டொக்டரிடம் கதையுங்கள். தவிர்க்க முடியாமல் ஏற்றினால் அதைத் திசுப் பரிசோதனைக் கூடத்துக்குச் சொல்ல வேண்டும்.

பல்லைக் காட்டிச் சுத்தப்படுத்துங்கள். சொத்தைப் பல் ஒன்று இருந்தாலும் மாற்றிய பிறகு அது பெரிய கிருமி வீடு. ஹெப்படைட்டிஸ் பி ஊசியை முடித்துவிடுங்கள். டயாலிசிஸை ஒரு நாளும் தவறவிட வேண்டாம். ஃபோன் நம்பர் மூன்று கொடுங்கள், மூன்றும் இரவில் ஒலிக்க வேண்டும்.

#13 · பதினோராம் வருடம் · வெள்ளி இரவு

ஒன்று சேர்க்கிறேன். நான் எட்டுக்கும் எட்டுக்கும் குளிசை. ஃபோனில் அலாரம். இரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும் காலை டக்ரோலிமஸைப் போடாமல் கையில் கொண்டுபோய், இரத்தம் எடுத்த பிறகு அங்கேயே போடுவேன். முதலாம் வருடம் ஒருநாள் மறந்து போட்டுவிட்டுப் போனேன். அளவு கூடுதலாகக் காட்டி, மருந்தைக் குறைத்துவிட்டார்கள். அடுத்த கிழமை கண்டுபிடிக்கும்வரை எனக்குத் தூக்கமே இல்லை.

#14 · கொட்டாஞ்சேனைத் தம்பி · ஞாயிறு காலை

இரண்டு பிள்ளைகள். இரண்டு தடவை இரத்தமும் ஏற்றியிருக்கிறோம். எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை பல் கிளினிக், புதன்கிழமை படிவம். அக்கா கையெழுத்து வைக்கிறேன் என்றுவிட்டார்.

பதினோராம் வருடம் அண்ணா, அக்கா உங்களிடம் கேட்கச் சொன்னது ஒன்று. மாற்றிய பிறகு செவ்விளநீர் குடிக்கலாமா?

#15 · பதினோராம் வருடம் · ஞாயிறு மாலை

உடனே முடியாது என்று சொல்லுங்கள். டக்ரோலிமஸே பொட்டாசியத்தைக் கூட்டும். முதல் மாதங்களில் ரிப்போர்ட்டைப் பார்த்து டொக்டர் சொல்லும்வரை தொடக்கூடாது. ஆனால் தண்ணீர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் குடிக்கச் சொல்லுவார்கள், மூடியால் அளக்க வேண்டியதில்லை.

எனக்கு எட்டாம் மாதம் பொட்டாசியம் 4.3 வந்தது. ஒன்று குடியுங்கள் என்றார் டொக்டர். வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் வண்டில்காரரிடம் நல்ல பெரியதாக ஒன்று வெட்டச் சொல்லி, ஸ்ட்ரோ வேண்டாம் என்று, காலி வீதியில் நின்றபடி முழுவதையும் குடித்தேன்.